காலைக் கொண்டுபோன மாப்பிள்ளை

என் கல்யாணம் மூன்று தடவை தள்ளிப்போனது. முதல் தடவை, எனக்குப் பேசியிருந்த தவநாயகியின் பெரியப்பா செத்துப்போனார். அதற்கு நான் ஒன்றும் சொல்லமுடியாது, மனிதர் வேண்டுமென்று சாகவில்லை. மற்ற இரண்டு தடவையும் தள்ளிவைத்தது அமெரிக்க அரசாங்கம். இதைச் சொன்னால் கவுன்சில் கணக்குப் பிரிவில் என்னோடு வேலை செய்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், ஒரு மூலை வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் பத்மநாதனுடைய கல்யாணத்துக்கும் வாஷிங்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். சம்பந்தம் என் காலில் இருந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் கல்யாணத்தில் மாப்பிள்ளை மண்டபத்து வாசலுக்கு வந்ததும், பெண்ணின் சகோதரன் செம்புத் தண்ணீரால் அவன் காலைக் கழுவுவான். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவான். அதற்காக மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போட்டுவிடுவான். சொந்தச் சகோதரன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட தம்பி நிற்பான். அவனும் இல்லாவிட்டால் சிநேகிதியின் தம்பி. நாட்டை விட்டு வந்தபிறகு யாராவது ஒருவனைப் பிடித்து நிறுத்திச் சமாளிப்பதுதான் ஊர்வழக்கமாகிவிட்டது. தவநாயகி மட்டும் மாட்டேன் என்றாள்.

அவளுடைய வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு தம்பி, குலசேகரம். தாயும் தகப்பனும் ஷெல் விழுந்து ஒன்றாகப் போனார்கள். அதன்பிறகு அவனைச் சமைத்துக் கொடுத்து, அடித்து, படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள். லண்டனில் பிளேஸ்டோவில் இருந்த சின்னம்மா முதலில் இவளைக் கூப்பிட்டு எடுத்தார். இரண்டு வருடம் கழித்து, தொண்ணூற்று மூன்றில், கையில் காதில் கிடந்ததை விற்றுத் தம்பியைக் கூப்பிட்டாள் இவள். லண்டனுக்கென்று கூட்டிவந்த ஏஜென்ட் அவனை நியூயோர்க்கில் இறக்கிவிட்டு, இதோ வருகிறேன் என்று போனவன்தான். குலம் அங்கேயே அகதி வழக்குப் போட்டான். ஒரு டோனட் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வழக்கு முடியும்வரை அமெரிக்காவை விட்டு வெளியேறினால் வழக்கும் போச்சு, திரும்பி உள்ளே வரவும் முடியாது.

"அவன்ரை கேஸ் முடியட்டும். அவன் வந்து உங்கடை காலைக் கழுவட்டும். பிறகு தாலி கட்டுங்கோ," என்று தவநாயகி சொன்னது தொண்ணூற்று நாலில். எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. பெண்பார்க்கப் போன அன்று, தேத்தண்ணியில் சீனி காணாது என்று நான் முகத்தைச் சுளித்தபோது, "உங்களுக்குக் கோவம் கெதியா வரும்போலை," என்று சபையில் வைத்துச் சொன்னவள் அவள். அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன். ஆகவே சரி என்றேன். ஒரு வருடம் பொறுக்கமாட்டேனா?

குலம் ஒரு நூலை விரலில் சுற்றி முடிச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பினான். அந்த அளவுக்கு டூட்டிங் நகைக்கடையில் மோதிரம் வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் அமெரிக்க அரசியல் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்கா எனக்குப் பிடித்த நாடு அல்ல. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதாகவும் எண்ணமில்லை. ஆனால் என் கல்யாணம் அங்கே மாட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் அமெரிக்கப் பேப்பர் வாசித்தேன். புதிதாக வருகிறவர்களின் வழக்கை முதலில் எடுப்பது, பழையவர்கள் இருந்தால் இருக்கட்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். குலம் பழையவன். பிறகு வரவுசெலவுச் சண்டையில் அதிபரும் காங்கிரசும் முறைத்துக்கொண்டு அரசாங்கத்தையே இழுத்துப் பூட்டினார்கள். குலத்தின் விசாரணைத் தவணையும், அதை நம்பிக் கல்யாணத்துக்குப் பார்த்த நாளும் அந்தப் பூட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டன. தொண்ணூற்றாறில் பயங்கரவாதத்துக்கு எதிராக ஒரு சட்டம், குடியேறிகளுக்கு எதிராக இன்னொன்று. இரண்டு சபையும் கைதட்டி நிறைவேற்றின. என் கல்யாணத்துக்கு எதிராக இத்தனை பேர் வாக்களித்ததை நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் சந்திப்போம். அவள் பிளேஸ்டோவிலிருந்து லண்டனைக் குறுக்கறுத்து வருவாள், நான் தெற்கிலிருந்து போவேன். பூசை முடிந்ததும் காகிதத் தட்டில் பிரசாதப் பொங்கலை, எங்கள் புக்கையை, வைத்துக்கொண்டு மண்டபத்து மூலையில் உட்கார்ந்து நான் அமெரிக்கச் செய்தி சொல்வேன். அவள் என் தட்டிலிருந்து முந்திரிப்பருப்பைப் பொறுக்கித் தின்றபடி கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னம்மா வீட்டிலிருந்து தம்பிக்கு டெலிபோன் எடுப்பாள். எப்போதும் ஒரே கேள்விதான்.

"சாப்பிட்டியா? வலக்கையாலை தானே சாப்பிடுறாய்?"

குலம் பிறவியிலேயே இடக்கைக்காரன். சின்ன வயதில் அவன் இடக்கையைத் தன் சேலைத் தலைப்பால் கட்டிவைத்துச் சோறு போட்டவள் இவள். இருபத்தைந்து வயது ஆம்பிளையிடம் இன்னமும் அதையே கேட்கிறாள் என்று நான் கேலி செய்தால், "சபை சந்தியிலை இடக்கையை நீட்டினா எனக்குத்தானே வெட்கம்," என்பாள்.

ஒருநாள் பொறுமை கெட்டு நான் கேட்டேன்.

"ஏனப்பா, உம்மடை சின்னம்மான்ரை மகன் நிக்கிறான். அவன் கழுவினா என்ரை கால் தேயுமோ?"

அவள் முந்திரிப்பருப்பைத் தட்டில் திருப்பி வைத்தாள். "அவன்ரை இடத்திலை வேறை ஒராளை நிப்பாட்டினா, அவன் இனி வரமாட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. நான் சொல்லமாட்டன்."

அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தொண்ணூற்றேழு ஒக்டோபரில் அமெரிக்கா ஒரு பட்டியல் வெளியிட்டது. வெளிநாட்டுப் பயங்கரவாத இயக்கங்கள் என்று சில பெயர்கள். அதில் எங்கள் ஊரில் சண்டை பிடித்த தமிழ் இயக்கமும் இருந்தது. தமிழ் வானொலியில் அன்று முழுக்க அதே பேச்சு. ஒருவர் அநியாயம் என்றார், ஒருவர் ராஜதந்திரம் என்றார், கடைகளில் ஆளுக்காள் சத்தம் போட்டார்கள். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. எனக்குக் குலத்தின் பங்கர் ஞாபகம் வந்தது.

ஊரில் பதினாறு வயதில் அவனையும் வேறு பொடியன்களையும் மண்வெட்டியோடு கூட்டிப்போய் இயக்கம் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டவிட்டது. மாட்டேன் என்று சொல்கிற நிலைமை இல்லை. அந்தத் தெருவில் வெட்டாத பொடியன் இல்லை. அகதி வழக்கில் அவன் அதை ஒளிக்காமல் சொன்னான். நல்லது, இரண்டு பக்கத்தாலும் கஷ்டப்பட்டவன் என்று தெரிகிறது என்று அவனுடைய வக்கீலம்மா அப்போது சந்தோஷப்பட்டாராம். இப்போது அதே வக்கீலம்மா, பயங்கரவாத இயக்கத்துக்கு உதவி செய்தவன் என்று கேள்வி வரலாம், எவ்வளவு காலம் இழுக்குமோ தெரியாது என்கிறார். அவன் சொன்னதில் ஓர் எழுத்து மாறவில்லை. அமெரிக்கா மாறிவிட்டது.

அந்த ஞாயிறு நான் பிளேஸ்டோவுக்குப் போயிருந்தேன். அன்றைக்குக் குலமே அங்கிருந்து டெலிபோன் எடுத்தான். அவன் கத்தியது எனக்கும் கேட்டது.

"அக்கா, எனக்குக் கேஸும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நான் கொழும்புக்கு டிக்கட் போடுறன். லண்டனாலைதான் பிளேன் போகுது. எயார்போட்டிலை வைச்செண்டாலும் அத்தான்ரை காலைக் கழுவிப்போட்டுப் போறன்."

கொழும்பில் அவனை யார் பூமாலையோடு வரவேற்கப் போகிறார்கள்? இறங்கியதும் பிடித்து உள்ளே போடுவார்கள். தவநாயகி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "குலம், நீ வரவேண்டாம்," என்றாள். "அக்கா சொல்லுறன். வந்தியெண்டால் நான் உன்னோடை கதைக்கமாட்டன். அங்கையே இரு." போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்கள் எனக்காக இவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருந்தது காணும். வேறை இடம் பாருங்கோ. நான் குறை நினைக்கமாட்டன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளில் அல்ல. கைதட்டிய இரண்டு சபையிலும், பட்டியல் போட்டவர்களிலும், பங்கர் வெட்டவிட்டவர்களிலும், ஷெல் அடித்தவர்களிலும். அத்தனை பேருக்கும் சேர்த்து அந்தச் சின்ன அறையில் நான் கத்தினேன்.

"வேறை இடமோ? விசர்க் கதை கதையாதையும்! அவனாலை என்ரை காலடிக்கு வர ஏலாதெண்டால், நான் என்ரை காலைக் கொண்டு அவனிட்டைப் போறன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே விளங்கியது. நான் படிக்கவென்று வந்து இங்கேயே தங்கி, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு எடுத்தவன். அமெரிக்காவுக்குப் போக எனக்கு விசா வேண்டாம். அகதிப் பத்திரம் வைத்திருந்த தவநாயகிக்கு வேண்டும். ஒருமுறை கேட்டுப் பார்த்தும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் போகமுடியாது, அவன் வரமுடியாது, ஆனால் என் கால் போகலாம், வரலாம். இத்தனை நாளாகப் பேப்பர் படித்து என்ன பயன், இது எனக்குத் தோன்றவில்லையே.

தவநாயகி என் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துத்தான் பிறகு அழுதாள்.

வெள்ளிக்கிழமை கோயில் ஐயரிடம் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்தார்.

"காலைக் கழுவவேண்டியது பெண்ணின்ரை சகோதரன். எங்கை வைச்சுக் கழுவவேணும் எண்டு நான் ஒரு இடமும் படிக்கேல்லை. ஆனா பாருங்கோ, கழுவின கால் கழுவின காலா மணவறைக்கு வரவேணும். நடுவிலை மண் படக்கூடாது."

"அத்திலாந்திக்கிலை மண் இல்லை ஐயா," என்றேன்.

"அப்ப சரி. மார்கழி பிறக்க முன்னம் செய்து முடியுங்கோ."

மார்கழிக்கு முந்திய கடைசி முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி காலை ஹீத்ரோவில் ஏறி, அங்கே ஓர் இரவு தங்கி, சனி மாலை புறப்பட்டால் ஞாயிறு விடிய வந்து இறங்கலாம். செம்பு, சந்தனம், குங்குமம், மோதிரம் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் தவநாயகியே அடுக்கித் தந்தாள். "அவன் மெலிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாதேங்கோ," என்றாள்.

விமானத்தில் ஒரு பச்சைத் தாளை நிரப்பத் தந்தார்கள். உளவு பார்த்திருக்கிறாயா, நாசவேலை செய்திருக்கிறாயா, பயங்கரவாதத்தில் ஈடுபட்டிருக்கிறாயா என்று ஒரே மூச்சில் கேட்டிருந்தது. இல்லை என்று போட்டேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கடவுச்சீட்டில் இருந்ததைப் பார்த்ததும் நியூயோர்க் விமான நிலையத்தில் நின்ற அதிகாரி என்னை வரிசையிலிருந்து விலக்கி ஓர் அறைக்கு அனுப்பிவிட்டார். பட்டியலின் ஈரம் காயாத காலம். நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருப்பி அனுப்பினால் என்னோடு சேர்ந்து கல்யாணமும் திரும்பிவிடும். இனி ஒரு நாளுக்கு அவள் சம்மதிக்கமாட்டாள், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நரைத்த தலையோடு ஓர் அதிகாரி அம்மா வந்து உட்கார்ந்தார். எதற்கு வந்தாய் என்று கேட்டார். சுற்றிப்பார்க்க என்று சொல்லும்படி என் கீழ்வீட்டுச் செல்வரத்தினம் அண்ணை படித்துப் படித்துச் சொல்லி விட்டிருந்தார். என் வாயில் அது வரவில்லை. குலத்தின் பெயரைச் சொன்னால் அவன் வழக்குக்குக் கேடு வருமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் அவன் ஒளிந்து வாழ்கிறவன் அல்ல, அவர்களுடைய கதவைத் தட்டிக் காத்திருக்கிறவன்.

"என் மைத்துனன் என் காலைக் கழுவவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம். அவனால் வரமுடியாது, உங்கள் சட்டம் விடாது. அதனால் நான் வந்தேன்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அந்த அம்மா பையைத் திறந்து செம்பை எடுத்துப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். பிறகு மேசைக்கு மேலாக எட்டி என் சப்பாத்தைப் பார்த்தார்.

"இரண்டு காலுமா?"

"இரண்டு காலும்."

முத்திரையைக் குத்தித் தந்தார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

குலம் வெளியே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் அப்படியே தவநாயகி. மெலிந்துதான் இருந்தான். வழி முழுக்க அக்காவைப் பற்றியே கேட்டான். தலைமயிர் நரைத்துவிட்டதா, குளிருக்கு நல்ல கோட் வைத்திருக்கிறாளா, கோபம் வந்தால் இப்போதும் பேசாமல் இருப்பாளா.

சனிக்கிழமை பின்னேரம், நான் புறப்படுமுன், மூன்று பேரோடு பங்கு போட்டிருந்த அவனுடைய அறையில் என்னை ஒரு கதிரையில் இருத்தினான். ஒரு பிளாஸ்டிக் பேசினை என் காலடியில் வைத்தான். வேட்டி கட்டியிருந்தான், எங்கே இரவல் வாங்கினானோ தெரியாது. செம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து வந்து என் காலில் ஊற்றினான். கழுவினான். விரல் இடுக்கெல்லாம் கழுவினான். துடைத்துவிட்டுச் சந்தனத்தைக் கையில் எடுத்தபோது உடைந்துபோனான்.

"அக்கான்ரை கலியாணத்தை நான் பாக்கேல்லையே அத்தான்."

"நீர் இல்லாமல் கலியாணமே இல்லை எண்டுதானே உம்மடை அக்கா என்னை இவ்வளவு தூரம் அனுப்பினவ," என்றேன். வலக்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, மற்றக் கையால் அவன் என் இரண்டு காலிலும் சந்தனத்தைப் பூசிக் குங்குமத்தை வைத்தான். மாலைக்குப் பூ கிடைக்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

மோதிரம் அவன் விரலில் ஏறவில்லை. ஆள் மெலிந்திருந்தாலும் விரல் வேலை செய்து தடித்திருந்தது. நூல் அனுப்பிய பொடியனின் விரல் அல்ல அது. சின்ன விரலில் போட்டுவிட்டேன். அங்கே அளவாக இருந்தது.

மண் படக்கூடாது என்று ஐயர் சொன்னதால் இரண்டு காலுக்கும் சுப்பர்மாக்கட் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதற்குமேல் காலுறை, சப்பாத்து போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். நடக்கும்போது சரசரவென்று சத்தம் கேட்டது. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். லண்டனில் இறங்கி அவசரமாக வீட்டுக்குப் போய், காலிரண்டையும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு குளித்தேன். செல்வரத்தினம் அண்ணை காரில் ஏற்றிக்கொண்டுபோய் வெஸ்ட் ஈலிங்கில் விட்டார்.

கோயில் வாசலில் செம்போடு ஒருவரும் நிற்கவில்லை. சனங்கள் முணுமுணுத்தது கேட்டது. பெண் பகுதிக்கு ஒரு பொடியன் கூடவா இல்லை என்றார் யாரோ ஒரு பெரியவர். தவநாயகியின் சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, பிளாஸ்டிக் பைகளை உரித்தேன். முணுமுணுப்பு நின்றுவிட்டது. ஐயர் குனிந்து என் காலைப் பார்த்தார். "கழுவின கால்தான். வாங்கோ மாப்பிள்ளை," என்று சத்தமாகச் சொல்லி, வாசலில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் என்னை நடத்திப்போனார்.

தவநாயகியைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தினார்கள். மணப்பெண் தலையைக் குனிந்துதானே இருக்கவேண்டும். அவள் கண் நேராக என் காலில் போய் நின்றது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் கொஞ்சம் கலைந்திருந்தது. ஆனால் விரல் இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. அவள் குனிந்து, இன்னும் குனிந்து பார்த்தாள்.

"இடக்கையாலை பூசியிருக்கிறான்," என்றாள் மெதுவாக. "கோடெல்லாம் மற்றப் பக்கத்துக்கு இழுபட்டிருக்கு. எத்தினை தரம் சொன்னனான் இவனுக்கு."

கண்ணீர் ஒழுகி மூக்குத்தியில் நின்றது. அவள் துடைக்கவில்லை. கையை நீட்டி, அந்தக் கோடுகள் மேல் அழியாமல் மெல்ல வைத்துக்கொண்டாள்.

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "பிள்ளை, கையைத் தாங்கோ, தருப்பை போடவேணும்," என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா," என்றாள் தவநாயகி. "என்ரை தம்பி வந்திருக்கிறான்."